யாராவது அழுத்தினீர்களா?

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். சாக்குப்போக்குச் சொல்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

போனில் பேசலாம் என்றால் "லோடு வந்திருச்சுக்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அப்பா போன இந்த இரண்டு வருடத்தில் உங்கள் கம்பெனிக்கு வந்த லோடுகளைக் கூட்டிப் பார்த்தால், இந்நேரம் உலகத்தில் அட்டைப்பெட்டிக்குள் போகாத பொருளே இருக்கக் கூடாது. அதனால்தான் கடிதம். பாதியில் வைத்தாலும் அது உன் மேஜையிலேயே கிடக்கும்.

நேற்று நடந்தது மூன்றாவது தடவை. நீயேதான் புதன்கிழமை வா என்றாய். ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து, வீட்டுக்குப் போகாமல், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து நிற்கிறேன். வாட்ச்மேன், "சார் இன்னிக்கு வேணாம்னு சொல்லச் சொன்னாரும்மா" என்கிறார். நீ ஆபீஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

மாப்பிள்ளை யார் என்று உன் மனைவி கேட்டால் சொல். நெஞ்சை அழுத்திக் காட்டுவதற்கு நான் கொண்டுபோகும் பொம்மைக்கு எங்கள் எமர்ஜென்சி வார்டில் வைத்த பெயர். எத்தனை பேர் விழுந்து விழுந்து கவனித்தாலும் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு நன்றி சொல்வதில்லை அல்லவா, அதனால்.

தமாஷ் இருக்கட்டும். உன் கம்பெனியில் முப்பத்திரண்டு பேர். உங்கள் பசை மாஸ்டருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வைத்தது எங்கள் ஆஸ்பத்திரியில்தான். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தால் உங்கள் முப்பத்தொரு பேரில் ஒருவருக்காவது என்ன செய்வதென்று தெரியுமா? நான் கேட்பது இரண்டே மணி நேரம். பள்ளிக்கூடம், வங்கி, பஸ் டிப்போ எல்லா இடத்திலும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். என் சொந்தத் தம்பி கம்பெனியில்தான் கேட்டைத் தாண்ட முடியவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். தேதியை எழுது. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அத்தையின் முத்தம்.

அன்புடன்,
உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து முடித்தேன். பாதியில் வைக்கவில்லை.

உனக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். எனக்கு அது நாலாயிரம் பெட்டி. மெஷினை நிறுத்தினால் முதலாளி என் தலையில் ஏறி உட்காருவார். சூப்பர்வைசர் என்றால் மேலே இருப்பவர் ஒரு பக்கம், கீழே இருப்பவர்கள் ஒரு பக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இது உனக்குப் புரியாது. உன் வேலையில் ஓடி வருகிறவர்கள் எல்லாம் உன்னைத் தெய்வமாகப் பார்க்கிறவர்கள்.

ஆனால் உன் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. அடுத்த மாதக் கடைசியில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆய்வுக்கு வருகிறார். அவர்கள் கேட்கும் பட்டியலில் 'முதலுதவிப் பயிற்சி பெற்ற பணியாளர்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. முப்பத்திரண்டு பேர் பெயரையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சான்றிதழில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. ஆய்வு முடிந்ததும் ஆற அமர ஒரு நாள் வகுப்பு வைத்துக்கொள்ளலாம். உனக்கும் அலைச்சல் மிச்சம்.

சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது. உன்னிடம் காட்ட வேண்டுமாம், டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

உன் தம்பி

*

பிப்ரவரி 22

தம்பி,

பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துத்தான் போட்டிருப்பேன், முப்பத்திரண்டு பேர் பெயரையும் உன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாய், மனசு வரவில்லை.

உனக்கு என்ன தைரியம் இருந்தால் இதை என்னிடமே கேட்பாய்? சுவரில் முப்பத்திரண்டு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வை. பசை மாஸ்டர் விழுந்தால் ஆளுக்கு ஒன்றாக எடுத்து அவருக்கு விசிறுங்கள்.

இது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. நீ வகுப்புக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கேயே எழுதுகிறேன். ஒருவர் விழுந்துவிட்டாரா, முதலில் சுற்றிலும் பார். கரண்ட் ஒயர், ஓடுகிற மெஷின் எதுவும் உன்னையும் சேர்த்து இழுத்துவிடக் கூடாது. தோளைத் தட்டிக் கூப்பிடு. அசையவில்லையா, "யாராவது ஓடி வாங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதே. எல்லோரும் யாரோ செய்வார்கள் என்று நிற்பார்கள். ஒரு ஆளைக் கைநீட்டி, "நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போடு" என்று சொல். மூச்சைப் பார். பத்து நொடிக்கு மேல் பார்க்காதே. சாதாரணமாக மூச்சு இல்லை என்றால் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வை. நெஞ்சின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம்; அதன்மேல் இன்னொரு கை. முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை இறக்கு. இரண்டு அங்குலம் உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் முழுசாக மேலே வர விட வேண்டும். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. பழகியவர்கள் முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு ஊதுவார்கள். ஊதத் தெரியவில்லையா, பயமாக இருக்கிறதா, விடு, அழுத்துவதை மட்டும் நிறுத்தாதே. கை ஓய்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஆள் மாறிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வந்து அவர்கள் கையில் வாங்கும்வரை அவ்வளவுதான் வேலை.

இதை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நீச்சலைக் கடிதத்தில் கற்றுக்கொள்ள முடியாது என்பதால்தான் வருகிறேன் வருகிறேன் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன்.

இரண்டு மணி நேரம் வேண்டாம். மெஷினையும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையில் நாற்பத்தைந்து நிமிடம், பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள். உங்கள் முதலாளிக்கு நானே போன் செய்து பேசிவிட்டேன். சரி என்றார். மார்ச் 12, 13. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அக்கா

பி.கு.: பல்லை நான் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

*

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு நாளும் உன்னைக் காணோம். முதல் நாள் லோடு. இரண்டாம் நாள் பல்வலி. முப்பத்தொரு பேர் வந்தார்கள். வராத ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் உன்மேல் இருந்த எரிச்சல் பாதி போய்விட்டது. உன் ஆட்கள் தங்கமானவர்கள். தரையில் விரிக்கப் பாய் இல்லையே என்று நான் யோசிப்பதற்குள் அட்டை ஷீட்டை நாலடுக்காகப் போட்டு மெத்தை மாதிரி ஆக்கிவிட்டார்கள். "மெத்தைமேல அழுத்துனா நெஞ்சு அமுங்காதுப்பா, மெத்தைதான் அமுங்கும்" என்று சொல்லி, மறுபடி எடுக்க வைத்தேன்.

ஒரு கூத்தைக் கேள். முப்பது வரை சத்தமாக எண்ணி அழுத்தச் சொல்கிறேன். எல்லோரும் இருபத்தைந்தில் நிறுத்துகிறார்கள். ஒருவர் இரண்டு பேர் இல்லை, அத்தனை பேரும்! இருபத்தைந்து வந்ததும் கை தானாக நெஞ்சை விட்டுப் பக்கவாட்டில் போகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பெட்டிக்குப் பின் அடிக்கிற தையல் மெஷின் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நாங்க பெட்டியை இருபத்தஞ்சு இருபத்தஞ்சாத்தான் கட்டுவோம். எண்ணி முடிச்சதும் கை கயிறைத் தேடுது." என் வாழ்நாளில் இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததில்லை. கடைசியில் "இருபத்தஞ்சு, கட்டாதே, இருபத்தாறு" என்று கோஷம் போட வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

பசை மாஸ்டர் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார். தனக்குத்தான் தேவைப்படும் என்று சொல்லிச் சிரித்தார்.

முப்பத்தொரு சான்றிதழ் அனுப்பியிருக்கிறேன். உன்னுடையது என் மேஜையில் இருக்கிறது. நீ முழங்காலிட்டு உட்கார்ந்தால்தான் அது வரும்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 20

அக்கா,

எனக்குச் சான்றிதழ் வேண்டாம். அதை நீயே வைத்துக்கொள்.

முதல் நாள் வகுப்பு முடிந்த அன்று மாலை பசை மாஸ்டர் என் ஆபீஸுக்கு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "சார், உங்க அக்கா ஒரு கேஸ் சொன்னாங்க சார். ஒரு அப்பா, சாப்பிட உட்கார்ந்தவரு சாய்ஞ்சுட்டாராம். மகன் மூஞ்சில தண்ணி தெளிச்சு, கார்ல நிமிர்த்தி உட்கார வெச்சு, இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்தானாம். வழியெல்லாம் மூச்சு இருக்கு மூச்சு இருக்குன்னு சொல்லிட்டே வந்தானாம். அது மூச்சே இல்லையாம் சார், உயிர் போறப்ப வர்ற இழுப்பாம். பாவம் சார் அந்த மகன், தெரியாம செஞ்சுட்டான்" என்றார்.

நான் "ஆமா, பாவம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறாய் அக்கா? பள்ளிக்கூடத்தில், வங்கியில், பஸ் டிப்போவில், எத்தனை இடத்தில் நான் அந்த மகன்? பெயர் சொல்லவில்லை என்று சொல்லாதே. என் ஆட்கள் முன்னால், என் கம்பெனியில், என் அப்பாவைப் பாடமாக நடத்திவிட்டு, உன் தம்பி வகுப்புக்கு வரவில்லையே என்று கோபித்துக்கொள்கிறாய். நான் ஏன் வரவில்லை என்று இப்போதாவது புரிகிறதா? அழுத்துவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை. சுலபம் என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் நான் எப்படிச் சோறு தின்பேன்?

அன்றைக்கு ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது நீ என்ன கேட்டாய் தெரியுமா? "எத்தனை நிமிஷம் ஆச்சு? யாராவது அழுத்துனீங்களா?" என் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. நான் இல்லை என்றேன். கதவு மூடிக்கொண்டது. இரண்டு வருடமாக எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கேள்விதான். குளிக்கும்போதும் அதுதான், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதும் அதுதான். அதற்குமேல் நீ கடிதம் கடிதமாக எழுதி வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாய்.

எனக்கு அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கேட்டது, அக்கா. நான் பொய் சொல்லவில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். பன்னிரண்டு நாள் எழுதவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒன்பது இடத்தில் சொல்லியிருக்கிறேன். உன் கம்பெனியையும் சேர்த்தால் பத்து. பெயர் சொல்லவில்லை என்று நான் இப்போது சொல்லப்போவதில்லை. அந்தக் கதையைச் சொன்னால் அறை நிசப்தமாகிவிடும். பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருப்பவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். அந்த நிசப்தத்துக்காகச் சொன்னேன். அது தப்பு. உன் ஆட்கள் முன்னால் சொன்னது தப்பிலும் பெரிய தப்பு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எல்லோருக்கும் கேட்கும், குறட்டை மாதிரி, விட்டு விட்டு. படித்தவர்களே மூச்சு என்று நினைத்து ஏமாந்துபோவார்கள். நீ அழுத்தியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. பிழைத்திருக்கமாட்டார் என்றும் சொல்லமாட்டேன். உன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். கேட்ட கேள்வி எனக்கு நினைவில்லை. வருகிற எல்லோரிடமும் அதைத்தான் கேட்போம். உன்னிடமும் கேட்டிருப்பேன், அதே குரலில்.

நான் பத்து இடத்திலும் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி அந்தக் கதையில் இருக்கிறது. அப்பா போவதற்கு ஐந்து மாதம் முன்னால் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். பஸ் டிப்போவில் வகுப்பை முடித்துவிட்டு நேராக வந்திருந்தேன்; பொம்மை வாசலில் பைக்குள் இருந்தது. அப்பா படி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்று சொன்னதாகச் சொன்னாய். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள் அல்லவா, அந்தச் சமயம். நீ என்னிடம், "எங்களுக்கும் ஒரு தடவை சொல்லிக்குடேன்க்கா, வீட்ல வயசானவர் இருக்காரு" என்றாய். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "விடுடா, உன் வீட்லயாவது நான் மனுஷியா இருக்கேன். அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த தடவை நான் வந்தது அப்பாவின் சட்டைகளை எடுத்து வைக்க.

நீ மூன்று தடவை தள்ளிப்போட்டாய் என்று நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். நான் ஒரே ஒரு தடவை தள்ளிப்போட்டேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

இதை நீ மறந்திருப்பாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ என் மேல் இருக்கும் கோபத்தை எல்லாம் அந்தக் கேள்வியின் மேல் வைத்திருப்பதைப் பார்த்தால், மறந்திருக்கிறாய் என்றே தோன்றுகிறது. இப்போது நானே சொல்லிவிட்டேன். இனி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

உன் அக்கா

*

மே 27

அக்கா,

நான் மறக்கவில்லை. சட்டைகளை நீ மடித்துக்கொண்டிருந்தபோது அதுதான் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நீ இந்த வேலையையே விட்டுவிடுவாய் என்று நினைத்து விழுங்கிவிட்டேன். விழுங்கியது உள்ளேயே கிடந்து புளித்து, உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலெழுந்தது. நீயாகச் சொல்லமாட்டாயா என்றுகூட எரிச்சலாக இருந்தது. இப்போது சொன்னதும் லேசாகிவிட்டதா என்றால், இல்லை. முதல் ஒரு வாரம் கோபம் இன்னும் அதிகமானது. கடிதத்தை என் மனைவி எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. வகுப்புக்குப் போகாமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன்; போன சனிக்கிழமைதான் போனேன். உன்னிடம் இல்லை. உன் முன்னால் முழங்காலிட்டு உட்கார என்னால் முடியாது, அதற்காக நீ வருத்தப்படாதே. பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வைக்கிறார்கள். முடிதிருத்துபவர் ஒருவர், இரண்டு ஆசிரியைகள், நீச்சல் குளத்துக்காரர், நான். சொல்லிக்கொடுத்தவர் தீயணைப்பு வீரர். மீசை பெரிசு, பேச்சு சின்னது.

பொம்மை எதிரே உட்கார்ந்ததும் எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. அவர், "கைய வைங்க சார், நினைக்காதீங்க" என்றார். வைத்தேன். அழுத்தினேன். ஆழம் சரியாகப் போனால் உள்ளே 'டக்' என்று சத்தம் வரும் பொம்மை அது. நிஜத்திலும் இப்படிச் சத்தம் வருமா என்று கேட்டேன். "நிஜத்துல விலா எலும்பு ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும் சார். அதுக்காக நிறுத்தக் கூடாது" என்றார்.

ஒரு நிமிடம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை நிமிடத்தில் தோள் எரிந்தது. இரண்டு நிமிடம் என்று அவர் விசில் ஊதியபோது என் கை எனக்குச் சொந்தமாக இல்லை. பெட்டி தூக்கி வளர்ந்த கை, அக்கா. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. முடிதிருத்துபவர் வாங்கித் திறந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பைலை எடுத்தேன். இரண்டு வருடமாக அதைப் பிரித்ததில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அழுத்த ஆரம்பித்த நேரம் 8.40, நிறுத்திய நேரம் 9.17 என்று இருக்கிறது. பக்கத்தில் அழுத்தியவர்கள் யார் யார் என்று இரண்டு இரண்டு நிமிடமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆள், நீ, இன்னொரு ஆள், மறுபடி நீ. கீழே ஒரு வரி: 'நோயாளியின் மகள், வெளியேறச் சொல்லப்பட்டது, மறுத்துவிட்டார்.'

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு நீ வெளியே வந்தபோது நான் உன் கையைப் பிடிக்க வந்தேன். நீ வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். அதிலிருந்து நான் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என் அக்காவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். நான் அப்பாவைக் கொன்றேன் என்று நீ நினைப்பதாக நினைத்தேன். வெறும் இரண்டு நிமிடத்தில் எனக்கு இந்தக் கதி என்றால் அன்றைக்கு உன் கை என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ அழுத்தியது அப்பாவை என்றும் தோன்றவில்லை. நான் உன்னை அந்த நேரத்தில் ஒரு நர்ஸாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. அந்தக் கதையை இனிமேல் சொல்லாதே. சொல்லியே ஆக வேண்டும் என்றால் சோபாவையும் சேர்த்துச் சொல். பாதிக் கதைக்கு என் அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. என் மனைவிக்கும் பெரியவளுக்கும் நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்றைக்கு நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். நான் உன்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது கேட்டிருக்க வேண்டும், மறுநாளாவது கேட்டிருக்க வேண்டும். கை ரொம்ப வலிச்சுதா, அக்கா?

உன் தம்பி